காற்றுத் தொட்டி

மலேசியாவின் கிள்ளானில் காற்றின் விலை இரண்டு வெள்ளி. வேலாயுதம் நிர்ணயித்த விலை அது. அவர் கடையில் சாதாரண மண்தொட்டி நான்கு வெள்ளி. பக்கவாட்டில் துளை போட்டது ஆறு. "ஓட்டை போட்டதுக்கு விலையக் கொறைக்கணும், ஏத்துறீங்களேண்ணே?" என்று கேட்டால், "ஓட்டை ஓசிம்மா. உள்ள போற காத்துக்குத்தான் காசு" என்பார். கேட்டவர் சிரித்துவிடுவார். சிரித்தவரிடம் பாதி பேரம் முடிந்தது என்பது மளிகைக் கடைக் கல்லாவுக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்த அவருக்குத் தெரியும். இப்போது யாராவது காற்றுத் தொட்டி இருக்கிறதா என்று கேட்டால், எதையோ தேடுவதுபோல் கடைக்குள் போய் நின்றுகொள்கிறார்.

அவர் விற்றது பொய்ச் சரக்கு அல்ல. சுங்கை பூலோ நாற்றுப் பண்ணை ஒன்றில் வெளிநாட்டுக் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியைப் பார்த்தார். பக்கமெல்லாம் துளை. சாதாரணத் தொட்டியில் வேர் சுவரை முட்டியதும் சுற்றிச் சுற்றி வளைந்து தன்னையே நெரித்துக்கொள்ளும். துளைத் தொட்டியில் வேரின் நுனி காற்றைக் கண்டதும் காய்ந்து நின்றுவிடும். பின்னாலிருந்து பொடிப்பொடியாகப் புது வேர்கள் கிளைக்கும். கத்தி வேண்டாம், காற்றே கத்தரித்துவிடும். விலை பதினெட்டு வெள்ளி என்றார்கள். தொட்டியை அங்கேயே வைத்துவிட்டு யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்.

வீட்டின் பின்புறம் தடித்த மண்தொட்டி இரண்டில் மல்லிகை வைத்துப் பார்த்தார். ஒன்றில் மட்டும் துரப்பணத்தால் துளைகள். சில மாதம் கழித்துக் கவிழ்த்தபோது, துளையில்லாத தொட்டியின் வேர் இடியாப்பச் சிக்கலாக வந்தது. துளைத் தொட்டியில் பஞ்சுபோல் பரவியிருந்தது. அக்கம்பக்கத்தாரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்தத் துள்ளலில் இருந்தபோதுதான் பிரிக்பீல்ட்ஸிலிருந்து சந்திரகலா வந்தார். வேலாயுதத்தின் கூட்டாளி அய்யாவுவின் மனைவி. ரயில்வேயில் இருந்த அய்யாவு தை மாதம் போய்விட்டார். மகளுக்கு ஏற்கெனவே பேசிவைத்த கல்யாணத்தை வருஷம் திரும்புவதற்குள் முடிக்க வேண்டும். ஆவணியில் நாள் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு அரை மனசு.

"சாவு விழுந்த வீடுன்னு இப்பவே முணுமுணுக்கிறாங்கண்ணே. அன்னிக்கு ஒரு நாள் மட்டும் யார் வாயிலயும் அவரு சாவு வரக் கூடாது. வர்றவங்க கையில மங்களமா ஏதாச்சும் குடுத்து அனுப்பணும்."

"மல்லிகைச் செடி குடுத்துருவோம் லா. காத்துத் தொட்டியில. ஒரு சொல்லு வராது, நான் பாத்துக்கிறேன்."

நூற்றிருபது செடி. தடித்த தொட்டிகளை வாங்கினால் முதல் முடங்கும். ஏற்றினால் லோரிக் கூலி ஏறும். கொட்டகையில் விற்காத தண்ணீர்ப் பானைகள் குவிந்து கிடந்தன. வயிறு உருண்ட, மெல்லிய பானைகள். பழகிய கை துரப்பணத்தை எடுத்தது. நிறையத் துளை போட்டால் பானை விரிசல் விட்டது. பலவற்றை உடைத்த பிறகு வழி பிடிபட்டது: ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று. அதற்குமேல் பானை தாங்காது. மூன்று போதுமா என்று மல்லிகையை யாரும் கேட்கவில்லை.

செடிகள் தழைத்தன. சந்திரகலா கேட்டபடி ரோஜா நிறத் தாள் சுற்றிப் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்குக் கொண்டுபோனார். தாலி ஏறியது. பந்தி முடிந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சந்திரகலாவின் முகம் காலையிலிருந்து முதல்முறையாகத் தளர்ந்ததை வேலாயுதம் பார்த்தார்.

வாசல் மேசைகளில் பானைகள் வரிசையாக இருந்தன. இத்தனை பேர் வந்த இடத்தில் சரக்கின் சிறப்பை மூடிவைப்பதா? வியாபாரிக்கு மனம் கேட்கவில்லை. தாள்களை உரித்தார். துளைகள் வருகிறவர்களைப் பார்க்கும்படி பானைகளைத் திருப்பினார். ஒவ்வொன்றிலும் கடையின் முகவரி அட்டையைச் செருகினார். செடி வாடினாற்போல் இருக்கிறதே என்று தண்ணீரும் தாராளமாக விட்டார்.

மூன்று துளையிலும் தண்ணீர் ஒழுகத் தொடங்கிய நேரத்தில், மாப்பிள்ளையின் பெரியம்மா புஷ்பவல்லி வெற்றிலைப் பையோடு வாசலுக்கு வந்தார்.

"ஐயையோ! என்னா இது? கொள்ளிக்குடத்தயா கையில குடுக்கிறீங்க?"

வேலாயுதம் அப்போதுதான் பார்த்தார். அத்தனை மாதம் வேரைப் பார்த்தவர், பானையை அப்போதுதான் பார்த்தார். தை மாதம் சுடுகாட்டில் அய்யாவுவின் மகன் தோளில் நீர்க்குடத்தோடு தகப்பனை மூன்று முறை சுற்றி வந்தான். பின்னால் நடந்து, சுற்றுக்கு ஒன்றாகக் குடத்தைக் கொத்தித் துளையிட்டது வேலாயுதத்தின் கை. குடமும் அவர் கொட்டகையிலிருந்து போனதுதான்.

மேசை நெடுக அய்யாவு நின்றுகொண்டிருந்தார்.

"ஏன் பாஸ், அடுத்த மேசையில பாடை வச்சிருக்கீங்களா?" என்றார் மாப்பிள்ளை வீட்டு இளைஞர் ஒருவர். யாரோ சிரித்தார்கள். காருக்குப் போய்க்கொண்டிருந்த மணப்பெண் திரும்பிப் பார்த்தாள்; பானைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேலாயுதம் வாயைத் திறந்தார். "வேருக்கு… காத்து…" என்பதற்குமேல் வரவில்லை. எந்தச் சரக்கையும் பேசியே விற்கிற நாக்கு அது.

சந்திரகலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மேசையைப் பார்த்தார். வேலாயுதத்தை ஒரு கணம் பார்த்தார்.

"நான்தாங்க கேட்டு வாங்குனேன். வேருக்குக் காத்து போற புது மாதிரித் தொட்டியாம். அண்ணன் வேணாம்னுதான் சொன்னாரு. வீட்டுக்காரரு செத்ததுலேர்ந்து எனக்குப் புத்தி ஒழுங்கா வேல செய்யல. மனசுல வச்சுக்காதீங்க."

அன்று யார் வாயிலும் வரக் கூடாத சொல் அவர் வாயிலேயே வந்தது.

புஷ்பவல்லியின் குரல் இறங்கியது. "சரி விடும்மா, நீயும் என்னா செய்வ" என்று சந்திரகலாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். பின்னால் வந்தவர்கள் வெற்றிலைப் பையோடு மேசையைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் போனார்கள்.

மண்டபம் காலியானதும் வேலாயுதம் பானைகளை லோரியில் ஏற்றினார். "தங்கச்சி…" என்று ஆரம்பித்தார்.

"ஏத்துங்கண்ணே, நேரமாவுது." கோபமே இல்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை. "ஒண்ணு மட்டும் வச்சிட்டுப் போங்க."

"உனக்கு எதுக்கும்மா இது? வேணாம்."

"கேட்டு வாங்குனேன்னு சொல்லிட்டேன். நாளைக்குச் சம்பந்தி வீட்டுலேர்ந்து வருவாங்க. ஒண்ணாச்சும் என் வாசல்ல இருக்கணும்ல?"

எந்தப் பானை என்று சந்திரகலா கேட்கவில்லை. கிட்ட இருந்ததை எடுத்து, மல்லிகை முகத்தில் இடிக்க, இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். ஈரம் சேலையில் இறங்கியது.

கிள்ளானுக்கு வந்து கொட்டகையில் இறக்கும்போது, பழக்க தோஷத்தில் வேலாயுதத்தின் வாய் எண்ணிக்கொண்டே இருந்தது. கொண்டுபோனது நூற்றிருபது. திரும்பியது நூற்றுப் பத்தொன்பது. மீதி ஒன்று.