சரிபார்க்கப்பட்டது

அச்சகத்தில் அவளை எல்லாரும் ஒற்றக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாகப் புரூஃப் பார்க்கிறவள். கல்யாணப் பத்திரிகையோ கல்லூரிப் பாடநூலோ, எதுவானாலும் அவள் மேஜையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். விட்டுப்போன ஒற்றெழுத்துகள், 'க்', 'ச்' எல்லாவற்றையும் சிவப்பு மையில் உட்கார வைத்துவிட்டு, கடைசித் தாளின் அடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதுவாள். அதற்கப்புறம்தான் இயந்திரம் ஓடும்.

ஃபோனில் வரும் வதந்திகளையும் அவள் அப்படித்தான் சலித்தாள். "ஒரு வரியில மூணு பிழை வைக்கிறவன் உண்மையவா சொல்லப் போறான்?" என்று தூக்கிப் போட்டுவிடுவாள். இதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அவர்கள் இருந்த நாலு மாடிக் கட்டடத்தில் யாருக்கு என்ன செய்தி வந்தாலும், "அக்கா, இது நிஜமா?" என்று அவளிடம்தான் கொண்டுவருவார்கள்.

தேர்தலுக்கு முந்தின நாள் மத்தியானம். மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது சித்தி மகளிடமிருந்து ஒரு செய்தி வந்தது.

"குடிநீர்க் குழாய் உடைந்ததால், நம் பகுதிக்கான வாக்குச்சாவடி, பள்ளிக்கூடத்திலிருந்து நூலகக் கட்டடத்திற்கு மாற்றப்பட்டுள்ளது. முதியோர் நோயுற்றோர் அனைவரும் தவறாமல் வாக்களிக்க உதவுங்கள்."

ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை படித்தாள். 'குடிநீர்க் குழாய்', க் இருக்கிறது. 'கட்டிடம்' என்று எழுதாமல் 'கட்டடம்' என்று எழுதியிருக்கிறார்கள். அரசாங்க அறிவிப்பில்கூட இப்படி ஒரு தமிழை அவள் பார்த்ததில்லை. யாரோ படித்த மனுஷர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்று மனசு குளிர்ந்துபோனது. முதியோருக்கும் நோயுற்றோருக்கும் நடுவில் காற்புள்ளி மட்டும் இல்லை. அதைப் போட்டாள். போட்ட கையோடு, பழக்கதோஷம், அடியில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, கட்டடத்துக்காரர்கள் எல்லாரும் இருக்கும் ஃபோன் குழுவுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த சட்டையை உதறிக் கொடியில் போட்டாள்.

அவள் சரிபார்த்தது காற்புள்ளியை. குழுவில் இருந்தவர்களோ, அவள் செய்தியையே சரிபார்த்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் கும்பிடு பொம்மைகளும் கட்டைவிரல்களும் வந்து குவிந்தன. "உங்க புண்ணியத்துல அலையாம தப்பிச்சோம்" என்று எழுதியிருந்தாள் மூன்றாம் மாடி டெய்லரம்மா. ஒற்றக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. இப்போது அவளே அந்தச் செய்தியை முழுசாக நம்ப ஆரம்பித்திருந்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் நூலகத்துக்குப் போனபோது வாசலில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். பாதிப் பேர் அவள் கட்டடத்துக்காரர்கள். கதவில் பெரிய பூட்டு. காவலாளி உள்ளேயிருந்து கம்பி வழியாகக் கத்திக்கொண்டிருந்தார்.

"எத்தனை தடவை சொல்றது? இங்க வோட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழமை லைப்ரரி லீவு!"

"ஒற்றக்காவே சொல்லியிருக்காங்கய்யா. தோ, அவங்களே வந்துட்டாங்க" என்றார் இரண்டாம் மாடிக்காரர், ஏதோ நீதிபதி வந்துவிட்ட மாதிரி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஓரமாகப் போய்க் கணவருக்கு ஃபோன் போட்டாள். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். விடிந்ததுமே வேலைக்கென்று வேனை எடுத்துக்கொண்டு போனவர்.

"எங்க இருக்கீங்க?"

"ஸ்கூல்ல. வோட்டுப் போட்டாச்சு. கூட்டமே இல்ல, சீக்கிரம் வா."

"அங்க குழாய் உடைஞ்சிருச்சுன்னு..."

"எந்தக் குழாய்? இப்பதானே அதுல தண்ணி குடிச்சேன்."

"நான் குரூப்ல போட்டேனே, பாக்கலையா நீங்க?"

"அந்த குரூப்ப நான் பாத்து ஒரு வருஷம் ஆச்சும்மா. திட்டாத."

திட்டுகிற நிலையிலா அவள் இருந்தாள்? நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். அவர் ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. "அங்கயே நில்லு, வண்டியோட வரேன்" என்றார்.

அவள் நிற்கவில்லை. நூலகப் படியில் ஏறி, வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுப் பேசினாள். "செய்தி பொய். நான் விசாரிக்காம அனுப்பிட்டேன். தப்பு என்னோடது. ஸ்கூல்லதான் வோட்டு. தயவுசெஞ்சு வீட்டுக்குப் போயிடாதீங்க." சிலர் முணுமுணுத்தார்கள். ஒருவர், "படிச்சவங்களே இப்படிப் பண்ணா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார். வாங்கிக்கொண்டாள்.

வேன் வந்தது. பின்னால் யாருடைய பழைய ஃப்ரிட்ஜோ கயிறு கட்டி நின்றது. இறக்க நேரமில்லை. அதைச் சுற்றி ஏழு பேர், எட்டுப் பேர் என்று ஏற்றி, பள்ளிக்கூடத்துக்கும் நூலகத்துக்குமாக நாலு நடை ஓட்டினார் அவர். அப்புறம் தங்கள் கட்டடத்துக்குப் போனார்கள். காலையிலேயே பூட்டைப் பார்த்து வெறுத்துத் திரும்பியவர்கள் அங்கே இருந்தார்கள். ஒற்றக்கா ஒவ்வொரு கதவாகத் தட்டி, அதே நாலு வரியைச் சொன்னாள். ஆறாவது கதவில்தான் குரல் நடுங்காமல் வந்தது.

டெய்லரம்மா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"முட்டி வலியோட அவ்வளவு தூரம் போய்ட்டு வந்தேன். எனக்கு வோட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"என்னை எவ்வளவு வேணாலும் திட்டுங்க. வந்து வண்டில ஏறிட்டுத் திட்டுங்க."

"ஃபோன்ல வர்றத நம்பறதுக்கு எனக்கென்ன பைத்தியமா? நான் உன்னைத்தானேடி நம்பினேன்!"

ஒற்றக்கா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். டெய்லரம்மா அவளைப் பார்த்தாள், சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள், பிறகு இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துப் போட்டுவிட்டுச் செருப்பைத் தேடினாள். "எழுந்திரு. நீ இங்க உக்காந்துட்டா என்னைக் கையப் பிடிச்சு யாரு இறக்கறது?"

வழியெல்லாம் ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டு திட்டிக்கொண்டேதான் வந்தாள். பள்ளிக்கூடத்தில் மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டியபோது மட்டும் சிரித்தாள்.

ஆறு மணிக்குச் சாவடி மூடினார்கள். ஒற்றக்கா கடைசிக்கு முந்தின ஆளாகத்தான் தன் வோட்டைப் போட்டாள். கணவரும் அவளும் வேன் படியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். செய்தி எங்கிருந்து வந்தது என்று அவள் விசாரித்திருந்தாள். சித்தி மகளுக்கு அவள் ஆபீஸ் தோழி அனுப்பினாளாம், தோழிக்கு யாரோ ஒரு பழைய ஹவுஸ் ஓனர். அதற்குமேல் நூல் அறுந்துவிட்டது.

"இத எழுதினவனும் என்னை மாதிரி ஒரு மேஜைல உக்காந்துதானே எழுதியிருப்பான்?" என்றாள். "ஒவ்வொரு எழுத்தா பாத்துப் பாத்து. எழுத்து சுத்தமா இருந்தா ஆளும் சுத்தம்னு நினைச்சுட்டேன்."

"திருட வர்றவன் நல்ல சட்டை போட்டுக்கிட்டு வரமாட்டானா?" என்றார் அவர். "நானும் யோக்கியன் இல்ல. குரூப்ப படிச்சிருந்தா நானும் லைப்ரரிக்குத்தான் போயிருப்பேன். உன் பேச்சை என்னைக்குத் தட்டியிருக்கேன்?"

"படிக்கிறதே இல்லன்னு காலையில சொன்னீங்க."

"அது வேற" என்று டீயை ஒரே மடக்கில் குடித்தார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

அவர்கள் தேடிப் பிடிக்க முடியாமல் போனது ஒரே ஒருத்தியை. கீழ்வீட்டு நர்ஸ். ஏழு மணிக்கே நூலகத்துக்குப் போய், பூட்டைப் பார்த்துவிட்டு, எட்டு மணி டியூட்டிக்கு ஓடியிருக்கிறாள். டியூட்டியில் ஃபோனை லாக்கரில் வைத்துவிடுவாள். அவள் திரும்பும்போது எல்லாம் முடிந்திருந்தது. அவளுக்கு அது முதல் வோட்டு.

மறுநாள் அச்சகத்துக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஒற்றக்கா அவள் கதவைத் தட்டினாள். நர்ஸ் தலைக்குக் குளித்துத் துண்டு கட்டியிருந்தாள்.

"எங்க வார்டுல மருந்துச் சீட்டை ரெண்டு பேர் படிச்சுதான் ஊசி போடுவோம்" என்றாள். "எழுதினது பெரிய டாக்டரா இருந்தாலும். நானும் ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேக்கல. ஆனாலும் உங்க மேல கோவம் இருக்குக்கா."

"இருக்கட்டும்."

"சாயங்காலம் வரைக்கும் இருக்கும். ஆறு மணிக்கு மேல வாங்க, டீ போடறேன்."

அன்றைக்கு அச்சகத்தில் ஒற்றக்காவுக்கு வேலையே ஓடவில்லை. ஐந்தே காலுக்கே மேஜையை விட்டு எழுந்து நேராக நர்ஸ் வீட்டுக்குப் போனாள். நர்ஸ் கதவைத் திறந்து, கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"இன்னும் இருபது நிமிஷம் கோவம் பாக்கியிருக்கு."

"அதுவரைக்கும் இங்கயே நிக்கிறேன்" என்றாள் ஒற்றக்கா.

நர்ஸ் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை, சிரித்துவிட்டாள். நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டுவிட்டு, "உக்காருங்க, சர்க்கரை எவ்வளவு?" என்று கேட்டபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.