அம்மாவை மியூசியத்தில் விட்டுவிட்டு

முதல் நாள் சாயங்காலம் டிபன் பாக்ஸைத் திறந்தால், நான் கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம் ஒரு பருக்கை குறையாமல் அப்படியே இருந்தது. காலை பத்து மணிக்கு நான் மியூசியத்தில் விட்டுவிட்டுப் போன அம்மா, ஐந்தரை வரை வெறும் தண்ணீர் குடித்தே இருந்திருக்கிறாள். உள்ளே சாப்பிடக் கூடாது, சரி. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட என்ன கேடு என்று கத்தினேன்.

"வெளிய வந்தா திரும்ப உள்ள வுடுவானா? அவுட் பாஸ் யாரு குடுப்பாங்க?" என்றாள் அம்மா.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்திநாலு வருஷமாக அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கிறவள் என் அம்மா முத்துமாரி. பள்ளிகொண்டாவில் கம்பெனி பஸ் ஏறிப் போய்க் கேட்டைத் தாண்டிவிட்டால், சைரன் அடிக்கும்வரை வெளியே வர சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். லண்டனில் மியூசியத்துக்குக் காசும் கிடையாது, பாஸும் கிடையாது, நூறு தடவை போய் வரலாம் என்று அவளுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

நான் நர்ஸ். இருப்பது வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. பகலில் ஆள் இருந்தால் வீட்டுக்காரி முணுமுணுப்பாள். குளிருக்கு அடக்கமாக, உட்கார இடமும் பாத்ரூமும் இருக்கிற இடம், அதுவும் இலவசமாக, மியூசியத்தை விட்டால் வேறு எது? ஆறு வாரத்துக்கு வந்த அம்மாவை ஐந்து வாரம் அங்கேதான் இறக்கிவிட்டுப் போனேன். குழந்தையை பால்வாடியில் விடுகிற மாதிரி. இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அம்மா ஒரு நாளும் குறை சொல்லவில்லை. எந்தக் காலத்து ராஜாவோ போட்டிருந்த செருப்பைக் கண்ணாடிப் பெட்டியில் பார்த்துவிட்டு வந்தவள், ராத்திரி தோசை சுடும்போதும் அதே பேச்சு. "தையல் இன்னா நெருக்கம் தெரியுமா? கையிலயே போட்டுக்கிறான். ஒரு நாளு லீவு போட்டுட்டு வா பாப்பா, ஒனக்குக் காட்டணும்." அடுத்த வாரம் வர்றேன் என்பேன். அடுத்த வாரம் இன்னொருத்தியின் டியூட்டியையும் சேர்த்துப் பார்ப்பேன்.

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போதுதான் அரை நாள் லீவு போட்டேன். அதையும் அம்மாவுக்காக மட்டும் போடவில்லை. அம்மாவுக்கு அறிமுகப்படுத்த, அவளிடம் முன்கூட்டிச் சொல்லாமலே, பிரேம்நாத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர், சென்னைக்காரன். கட்டினால் அவனைத்தான் என்று நான் முடிவு செய்து நாலு மாதம் ஆகியிருந்தது. அம்மா கம்பெனியில் மேனேஜர் என்று அவனிடம் அளந்துவிட்டிருந்தேன். அவனோ கேஸ் முடித்து வர நேரமாகிவிட்டது. நாங்கள் போய்ச் சேரும்போது மியூசியம் மூடுகிற நேரம், உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். செக்யூரிட்டிப் பெண்ணுக்கு முன்னால் கைப்பையை அகலத் திறந்து வைத்துவிட்டு, ஸ்வெட்டரைத் தூக்கிப் புடவை இடுப்பைக் காட்டி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். கம்பெனியில் சாயங்காலம் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் நிற்கவேண்டும். தோல் துண்டு எதையாவது எடுத்துப்போகிறார்களா என்று தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அந்தப் பெண் பதறிப்போய் வேண்டாம் வேண்டாம் என்கிறாள். அம்மா விடவில்லை. பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். பின்னால் நின்ற இரண்டு பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

ஐந்து வாரமும் இப்படித்தான் நின்றிருப்பாளா? தினமும் பஸ் நிறுத்தத்தில்தான் காத்திரு என்று சொல்லியிருந்ததால் எனக்குத் தெரியவே இல்லை.

"யாரோ நம்ம ஊரு அம்மா போல. பாவம், பாஷை தெரியல. போய்க் கேக்கலாமா?" என்றான் பிரேம்நாத்.

நான் அவன் கையைப் பிடித்துத் தூணுக்கு அந்தப் பக்கம் இழுத்தேன். "வேணாம். அம்மாவுக்கு உடம்பு முடியலயாம், வீட்லயே இருக்காங்களாம். இப்பதான் மெசேஜ் வந்துச்சு. இன்னொரு நாள் பாக்கலாம்." நாக்கு கூசாமல் வந்தது பொய். அவனை ரயில் நிலையம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, மூச்சிரைக்க பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன்.

அம்மா உட்கார்ந்திருந்தாள். லேட்டாயிடுச்சும்மா, வேலை ஜாஸ்தி என்றேன். தலையாட்டினாள்.

மடியிலிருந்த கைப்பையை மூடிவிட்டு, "அந்தப் பையன் நல்லவன் பாப்பா. என்னையே திரும்பித் திரும்பிப் பாத்துகினே போனான்" என்றாள்.

பஸ் வந்தது. கூட்டமே இல்லை. நான் ஏறி, ஜன்னலோரம் நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தேன். அம்மா அந்த இடத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைக் கடந்து போனாள்.

"எங்கம்மா போற? இங்க உக்காரு."

"இருக்கட்டும் பாப்பா. உன்கூட வேல செய்றவங்க யாருனா ஏறுவாங்க." கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

மூன்று வரிசை தள்ளிப் போய், முன்பின் தெரியாதவள் மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். எங்கள் நிறுத்தம் வரும்வரை யாருமே ஏறவில்லை. நானும் எழுந்து அவளிடம் போகவில்லை.