நாற்காலிச் சத்தம்

மூன்று மணிக்குத் தொடங்கும் என்று சுவரொட்டியில் இருந்தது. மூன்றே காலுக்கு நூலகர் வட்டத்திலிருந்து இரண்டு நாற்காலிகளை எடுத்துச் சுவரோரம் வைத்து, வட்டத்தைச் சுருக்கினார். பிறகு இன்னும் இரண்டு. எல்லாம் குட்டி நாற்காலிகள். கைக்கு ஒன்றாகத் தூக்கலாம். நாலு நாற்காலி மிஞ்சியபோது அதை வட்டம் என்று சொல்ல முடியவில்லை. நிறுத்திக்கொண்டார்.

உதவியாளர் வாசலில் நின்று தெருவைப் பார்த்தார். புத்தகம் அடுக்குவதும் தூசி தட்டுவதும் அவர் வேலை. நூலகரைவிட மூத்தவர். நூலகர் அவரை அக்கா என்றும் அவர் நூலகரை சார் என்றும் அழைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் ஒரு பெண்மணி மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். மகளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். மாத்திரை இங்கேதானே கொடுக்கிறார்கள் என்று கேட்டார் பெண்மணி. நூலகருக்குப் புரியவில்லை. டாக்டரம்மா வந்துவிட்டாரா என்று அடுத்த கேள்வி வந்தது. இது புத்தகம் வாசிக்கிற நிகழ்ச்சி என்று நூலகர் சொன்னார். மகள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. தாய் முகத்தில் வெயிலில் நடந்துவந்த எரிச்சல். இருவரும் போய்விட்டார்கள்.

சுவரொட்டியில் அவர் எழுதியிருந்தது இது: வளரிளம் பருவத்தினர் வாசிப்பு முகாம். ஒரு மாலை முழுவதும் யோசித்து எழுதியது. சிறுவர் என்று போட்டால் பெரிய வகுப்புப் பிள்ளைகள் எட்டிப் பார்க்கமாட்டார்கள். இளைஞர் என்றால் மாடியில் படிப்பவர்கள் இறங்கி வருவார்கள். விடலை என்றால் வசவு. அகராதியைப் புரட்டிச் சரியான சொல்லைப் பிடித்துவிட்டதாக நினைத்தார். அந்தச் சொல்லைப் பிள்ளைகள் ஒரே இடத்தில்தான் பார்த்திருந்தார்கள். சுகாதார நிலையத்துச் சுவரில், இரும்புச்சத்து மாத்திரைப் படத்துக்கு மேலே. போதாததற்கு முகாம் வேறு.

"அதப் படிச்சா எனக்கே கையில ஊசி போட்ட மாதிரி இருக்கு சார்," என்றார் உதவியாளர். "பசங்க எப்படி வருவாங்க?"

நூலகர் சுவரொட்டியைக் கிழித்தார். ஒட்டுப்பசை நல்ல பசை. பாதிதான் வந்தது. 'வளரிளம்' சுவரிலேயே நின்றுவிட்டது.

மாடியில் படிப்புக் கூடம். அரசு வேலைத் தேர்வுக்குப் படிப்பவர்கள் காலையில் கதவு திறக்குமுன்பே வந்து படிக்கட்டில் காத்திருப்பார்கள். இடம் போதாமல் சன்னல் விளிம்பில் உட்கார்ந்தும் தூணில் சாய்ந்தும் படித்தார்கள். கீழே சிறுவர் பிரிவு. மஞ்சள் சுவர், தாழ்ந்த அலமாரிகள், யாரும் உட்காராத பாய். போன வாரம் வட்டார அதிகாரி தொலைபேசியில் பேசியிருந்தார். மாடியில் மூச்சு முட்டுகிறது, கீழே காத்தாடி சும்மா சுற்றுகிறது, இது என்ன நியாயம் என்று கேட்டார். ஒரு நிகழ்ச்சி நடத்துகிறேன், நீங்களே வந்து பாருங்கள் என்று நூலகர் கேட்டுக்கொண்டார். சரி, மாதக் கடைசிச் சனிக்கிழமை வருகிறேன், பிள்ளைகள் இருந்தால் அறை பிள்ளைகளுக்கு என்றார் அதிகாரி. இல்லாவிட்டால் என்ன என்பதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

இன்று நடந்தது ஒத்திகை. அதற்கே இந்தக் கதி.

மாடிக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. கீழே சத்தம் எழுந்தால் அவர்கள் சண்டைக்கு வருவதில்லை. யாராவது ஒருவர் நாற்காலியைத் தரையில் இழுப்பார். இரும்புக் கால். கீழே பல் கூசும். உடனே நூலகர் உதட்டில் விரல் வைத்து "உஷ்" என்பார். பிள்ளைகள் அடங்குவார்கள். பல வருடமாக இதுதான் ஏற்பாடு. ஆரம்பத்தில் நினைத்துச் செய்தார். பிறகு விரல் தானாக எழுந்தது. ஒருமுறை உணவகத்தில் பின்மேசைக்காரர் நாற்காலியை இழுக்க, இவர் உஷ் என்றார். மொத்த உணவகமும் திரும்பிப் பார்த்தது. மனைவியும் மகளும் சாப்பிட முடியாமல் சிரித்தார்கள். மகள் அப்போது சின்னவள்.

இப்போது அவளுக்குப் பதினாலு. அந்த மஞ்சள் அறையில்தான் எழுத்துக்கூட்டக் கற்றாள். ஒரு வருடமாக நூலகம் இருக்கும் தெருவைக்கூடச் சுற்றிக்கொண்டு போகிறாள். வீட்டில் அவரிடம் பேசுவது ஒற்றைச் சொல்லில். ம். இல்ல. தெரியல.

அன்று சாப்பிடும்போது நூலகர் நடந்ததைச் சொன்னார். மாத்திரை கேட்டதைச் சொன்னபோது மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஊரான் பிள்ளைய ஊட்டி வளத்தா தன் பிள்ளை தானா வளரும்பாங்க," என்றாள். "இங்க ஊரான் பிள்ளையும் வரல, தன் பிள்ளையும் பேசல."

மகள் தட்டிலிருந்து நிமிரவில்லை. "அப்பா கூப்பிடாம இருந்தா வருவாங்க," என்றாள்.

அவர் பேசாமல் இருந்தார். அது சரியான பதிலாக இருந்திருக்கவேண்டும். அவள் மேலே பேசினாள். மூன்று நிபந்தனை போட்டாள். வரவேற்புரை கூடாது. வாசிப்பின் பயன் பற்றி ஒரு வார்த்தை கூடாது. நிகழ்ச்சி முடியும்வரை அப்பா வாயைத் திறக்கக் கூடாது.

அவர் தலையசைத்தார். வாயைத் திறக்கவில்லை.

புதுச் சுவரொட்டியை அவளே எழுதினாள். ஒரே சொல், பெரிதாக: அறுவை. கீழே சின்ன எழுத்தில், இந்த நூலகத்திலேயே அறுவையான புத்தகத்தைக் கண்டுபிடி, ஒரு பக்கத்தை எங்களை அழவைக்கிற மாதிரியோ பயமுறுத்துகிற மாதிரியோ படித்துக் காட்டு.

உதவியாளர் அதைத் தள்ளி நின்று படித்தார்.

"மாத்திரை போய் இப்ப ஆபரேஷனா சார்?"

ஆனால் வந்தார்கள். மறுநாளே மூன்று பேர். பிறகு அவர்களுடைய தம்பி தங்கைகள். பெரியவர்கள் பகுதியில், பத்து வருடமாக யாரும் தொடாத அலமாரிகளில் புகுந்து தேடினார்கள். உள்ளாட்சிச் சட்டத் திருத்தங்கள் ஒருவனுக்குக் கிடைத்தது. மண்புழு உரம் தயாரிப்பது எப்படி என்ற நூலுக்கு இரண்டு பெண்கள் சண்டை போட்டார்கள். என்னுடையதுதான் அறுவை, உன்னுடையதில் படமெல்லாம் இருக்கிறது என்று வாதம் நடந்தது. நூலகர் பதிவு மேசையில் உட்கார்ந்து முத்திரை குத்தினார். யாருக்கும் எதையும் பரிந்துரைக்கவில்லை. அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

மகள் எடுத்தது நீர்மூழ்கி மோட்டார் பராமரிப்புக் கையேடு. அதைக் காதல் கதையாகப் படிக்கப் போகிறாள். குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒத்திகை நடந்தது. அவர் காலடி கேட்டால் நின்றது. ஒரு நாள் காலை, செருப்பு மாட்டிக்கொண்டே, அவர் கேட்காமலே சொன்னாள்.

"கடைசி வரிலதான்பா எல்லாம் இருக்கு. நீங்க அழுதுருவீங்க."

அந்த வாக்கியத்தை அவர் நூலகம் வரை கொண்டுபோனார்.

மாதக் கடைசிச் சனிக்கிழமைக்கு உதவியாளர் மாடிக்குப் போய்ப் பேசினார். ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். நாங்களும் பிள்ளையாய் இருந்தவர்கள்தானே அக்கா, போங்கள் என்று அனுப்பிவைத்தார்கள். சிலர் நாங்களும் வந்து கேட்கலாமா என்றுகூடக் கேட்டார்களாம்.

அறை நிறைந்துவிட்டது. நாற்காலி போதாமல் பாயில் உட்கார்ந்தார்கள். வட்டார அதிகாரி குட்டி நாற்காலியில், முழங்கால் நெஞ்சைத் தொட, அமர்ந்தார். நூலகர் கதவோரம் நின்றார். அதிகாரி அவரைப் பேசச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். நூலகர் புன்னகைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றார்.

சட்டத் திருத்தக்காரன் கிரிக்கெட் வர்ணனையாகப் படித்தான். உட்பிரிவு மூன்று ஓடிவருகிறது, உட்பிரிவு நான்கு தூக்கி அடிக்கிறது, பிடிக்க ஆளில்லை. மண்புழுப் பெண் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, இருட்டில், அவை ஈரத்தைத் தேடி இரவில் மேலே வரும் என்றாள். சின்னப் பிள்ளைகள் கீச்சென்று கத்தினார்கள். மாடியில் சத்தமே இல்லை. அதிகாரி வாயைக் கையால் மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா கொட்டாவியா தெரியவில்லை. நூலகர் சிரிப்பு என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு மகள் எழுந்தாள்.

மெதுவாக ஆரம்பித்தாள். மோட்டார் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கவேண்டும், என்றாள். பெருமூச்சு விட்டாள். அதைத் தண்ணீரிலிருந்து பிரித்து ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. குரல் உடைந்தது. ஓட்டினால், என்று நிறுத்தி எல்லார் முகத்தையும் பார்த்தாள். ஓட்டினால், உள்ளே எரிந்துபோகும், வெளியே தெரியாது. பாயில் ஒருவன் உருண்டான். மண்புழுப் பெண் கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். தண்ணீர் குறைந்தால் மோட்டார் முனகும் என்றாள் மகள், முனகிக் காட்டினாள். சிரிப்பு அலமாரிக் கண்ணாடியை அதிரவைத்தது. அவளுக்கே சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டாள். பக்கத்தைப் புரட்டினாள். கடைசி வரி. எல்லாரும் அடங்கட்டும் என்று ஒரு கையை உயர்த்தினாள். உயர்த்தியபடி, அப்பாவைப் பார்த்தாள்.

மாடியில் ஒரு நாற்காலி இழுபட்டது.

"உஷ்," என்றார் நூலகர். விரல் உதட்டில் இருந்தது.

பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். யாரும் முறைக்கவில்லை. பழகியவர்கள். பாயில் கிடந்தவன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டான். ஒரு சின்னப் பெண் தன் விரலையும் உதட்டில் வைத்துக்கொண்டாள்.

மகளின் கை இறங்கியது. அவள் கோபமாகப் பார்க்கவில்லை. தெரிந்த ஒன்றை மறுபடி பார்ப்பதுபோலப் பார்த்தாள். புத்தகத்தை மூடினாள். உட்கார்ந்தாள்.

நூலகர் பேசினார். நிபந்தனையெல்லாம் போய்விட்டது. படிக்கலாம், நன்றாகச் சிரிக்கலாம், இன்று தடை இல்லை, நான் ஏதோ ஞாபகத்தில் செய்துவிட்டேன் என்றார். அவர் பேசப் பேச அறை இன்னும் அமைதியானது. அடுத்துப் படிக்கவேண்டியவன் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டதாகச் சொன்னான். புத்தகம் அவன் மடியில் இருந்தது.

அதிகாரி நாற்காலியிலிருந்து சிரமப்பட்டு எழுந்தார். காத்தாடி சுற்றும் ஓசையைக் கேட்டார். தெருப்பக்கத்துச் சன்னலைப் பார்த்தார். முகம் தெளிந்திருந்தது.

"நல்ல கட்டுப்பாடுங்க," என்றார் கதவோரம் வந்து. "ஒரே சொல்லுல அடங்கிட்டாங்களே. கீழ ரோட்டுச் சத்தம் இருக்கும்னு நெனச்சேன். இவ்ளோ அமைதின்னா படிக்கறவங்களுக்கு இதவிட நல்ல எடம் ஏது?"

பிள்ளைகள் வந்திருக்கிறார்களே என்றார் நூலகர். வந்தார்கள், பார்த்தேன், நல்ல நிகழ்ச்சி, வருடத்துக்கு ஒருமுறை பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார் அதிகாரி. மகள் நூலகருக்குப் பின்னால் நின்று செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் கேட்டாளா என்று அவர் திரும்பிப் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை.

மாடியில் நடந்ததை உதவியாளர் பிறகு விசாரித்துச் சொன்னார். யாரும் கோபப்படவில்லை. தாமதமாக வந்த ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் குட்டி நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடங்குக்குப் போயின. சிறுவர் புத்தகங்களைப் பெட்டியில் கட்டினார்கள். மாடி மேசைகள் கீழே வந்தன. நூலகர் இன்னொரு வாய்ப்புக் கேட்டு அதிகாரியிடம் இரண்டு முறை பேசினார். இரண்டாவது முறை அதிகாரி வேறு யாரிடமோ பேசிக்கொண்டே இவரிடமும் பேசினார். சனிக்கிழமை மூன்று மணிக்கு மண்புழுப் பெண்ணும் அவள் தங்கையும் வந்தார்கள். உள்ளே குனிந்து படிக்கும் தலைகளைப் பார்த்தார்கள். நுனிக்காலில் திரும்பிப் போனார்கள். நூலகர் தெருமுனைவரை ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு எங்கே உட்காரவைப்பது.

வீட்டில் மகள் ஒற்றைச் சொல்லுக்குத் திரும்பினாள். அவர் மன்னிப்புக் கேட்டார். பரவால்ல என்றாள். அவள் அம்மா நடுவே வந்து, அந்த மனுஷன் வேணும்னேவா செஞ்சார், உணவகத்தில் செய்யவில்லையா என்று நினைவுபடுத்தினாள். மகள் ம் என்றாள். சிரிக்கவில்லை.

மோட்டார் கையேட்டின் தவணை முடிகிற நாளில் அவளே நூலகத்துக்கு வந்தாள். பள்ளிப் பை முதுகில் இருந்தது. உறுப்பினர் அட்டையோடு வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் இரண்டு தேர்வுக்காரர்கள். முறை வந்ததும் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். வேறு யாரோபோல அட்டையை நீட்டினாள்.

அவர் முத்திரை குத்தினார். புத்தகத்தை உடனே ஒதுக்கி வைக்கவில்லை. கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. அச்சில் இருந்தது இவ்வளவுதான்: உத்தரவாதம் பன்னிரண்டு மாதம், அதன்பின் ஏற்படும் எந்தப் பழுதுக்கும் நிறுவனம் பொறுப்பல்ல.

இரண்டு முறை படித்தார். மனதுக்குள் ஒரு குரலில் சொல்லிப்பார்த்தார். பிறகு வேறொரு குரலில். எதுவும் வரவில்லை. அவள் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினாள். மஞ்சள் அறையில் காகிதம் புரளும் ஓசை மட்டும் இருந்தது. அவர் எட்டி மேசைமேல் சாய்ந்தார். யாருக்கும் இடைஞ்சல் இல்லாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்தக் கடைசி வரிய எப்படிப் படிக்கறதா இருந்தே, பாப்பா?"