புரட்டிப் போட்ட பாகம்

ஒரத்தநாட்டுப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருக்கும் மேகலா அன்றைக்குக் காலையிலிருந்தே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வயலுக்குப் போகாமல் செல்போனிலேயே போர் மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டர் டப்பா செய்கிறவள் அவள். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைக் கம்ப்யூட்டரில் தானே வரைந்து, பெங்களூருக்கு அனுப்பி அடித்து வாங்குவாள். இரண்டு தடவை வாங்கினாள், இரண்டும் குப்பை. மோட்டாருக்குச் சுவிட்சாக இருக்கும் ரிலேயின் கால்கள் இடம் வலமாக மாறிக் கிடந்தன. மூன்றாவதும் கவிழ்ந்தால் காத்திருக்கும் முப்பது விவசாயிகளும் தஞ்சாவூர்க் கடைகளுக்குப் போய்விடுவார்கள். அப்புறம் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

இதில் விஸ்வா வேறு வந்து உட்கார்ந்திருந்தான். அவள் வரையும் அந்த இலவச சாஃப்ட்வேரை உலகம் பூராவும் பலபேர் சேர்ந்து எழுதுகிறார்கள். அவர்களில் ஒருவன் இந்தக் கும்பகோணத்துக்காரன். பயன்படுத்துகிறவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பார்க்க வந்திருந்தான். அவனுக்காக அவள் புதிதாக ஒரு போர்டை வரைந்து காட்ட, திரையில் நடப்பது எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது.

"மனசுல தோணுறதை அப்படியே சொல்லுங்க. எங்கயாவது கஷ்டமா இருக்கா?"

"நல்லா இருக்குங்க."

"இந்த இடம்?"

"அதுவும் நல்லா இருக்குங்க."

பின்னே? சும்மா கொடுத்தவனை முகத்துக்கு நேரே குறை சொல்வார்களா? விருந்துக்குப் போன வீட்டில் சாம்பாரில் உப்பில்லை என்று யார் வாய் திறப்பார்கள்? ஒருத்தன் குறுகுறுவென்று பார்க்கிறானே என்று ஒவ்வொரு கீயையும் யோசித்து யோசித்துத் தட்டினாள். ஒரு தப்பு வரவில்லை. விஸ்வாவின் முகம் தொங்கிப்போயிற்று.

அப்போதுதான் போன் அடித்தது. டப்பாவுக்குக் காத்திருக்கும் முப்பது பேரில் ஒருவரான வைத்தியலிங்கம்.

"ஏம்மா, நாத்து விட்டாச்சு. இருபது நாள்ல குறுவை நடவு. உன் டப்பா வருமா, வராதா?"

"வரும் மாமா. போர்டு படத்தை இன்னைக்கே பெங்களூருக்கு அனுப்பிடுறேன் மாமா." போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள், கை பாட்டுக்கு வேலை செய்தது.

"நிறுத்துங்க!" விஸ்வா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான். "இப்ப என்ன பண்ணினீங்க?"

"ரிலேயைத் திருப்பினேன்."

"திருப்பலைங்க, புரட்டிட்டீங்க!"

பாகத்தை இருந்த இடத்திலேயே திருப்பும் கீயும், தோசை மாதிரி போர்டின் மறுபக்கம் புரட்டிப் போடும் கீயும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. புரட்டினால் கால்கள் இடம் வலமாகிவிடும், ஆனால் திரையில் நிறம் லேசாக மாறும், அவ்வளவுதான். மேகலாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"அடப்பாவிகளா! ரெண்டு தடவையும் இதாலதானா? எனக்குத்தான் மூளை இல்லைன்னு அழுதுக்கிட்டு இருந்தேனே! ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா அது?"

"திட்டுங்க, நல்லாத் திட்டுங்க! எல்லாம் பதிவாகுது!" அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "இந்தத் தப்பு யாருக்கும் வராது, எச்சரிக்கை எதுக்குன்னு எங்க ஆளுங்க ஆறு மாசமா அடம்பிடிக்கிறாங்க. இதை முதல்ல பார்க்கட்டும்."

அந்த எச்சரிக்கையைச் சேர்த்துத் தான் எழுதி வைத்திருந்த சோதனைப் பதிப்பை அவள் கம்ப்யூட்டரிலேயே ஏற்றினான். அவள் வேண்டுமென்றே ரிலேயைப் புரட்டினாள். பளிச்சென்று சிவப்புக் கட்டம் வந்தது. 'இந்தப் பாகம் பின்பக்கம் போகிறது, சரியா?' என்று தமிழிலேயே கேட்டது. மேகலா குழந்தை மாதிரி கைதட்டினாள்.

"அனுப்பத் தயாரா வச்சிருக்கேனே, அதையும் இதுல திறந்து காட்டுறேன். மூணு தடவை சரிபார்த்தது. சுத்தமா இருக்கும், பாருங்க."

திறந்தாள். ரிலேக்கள் எல்லாம் சரியாக இருந்தன. மோட்டார் ஒயர் வந்து மாட்டுகிற டெர்மினலைச் சுற்றிச் சிவப்புக் கட்டம்.

அனுப்பும் பட்டனை அரைமணி நேரத்துக்கு முன்னால் அழுத்தியிருப்பாள், இவன் வந்து நின்றதால்தான் தள்ளிவைத்தாள். டெர்மினலைப் புரட்டி நேராக்கினாள், கட்டம் மறைந்தது. ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு அனுப்பினாள். அப்புறம் வைத்தியலிங்கத்தை மறுபடி கூப்பிட்டு, கடையே அதிரும்படி போனில் கத்தினாள்.

"மாமா, நடவுக்கு ஆள் சொல்லிடுங்க!"