கலங்கிப்போன கை

கொட்டகைச் சுவரில் புதிதாக ஒரு பென்சில் படம் தொங்கியது. பெயின்டர் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொண்டு நின்றார்.

வரைந்தது அவர் மனைவியின் தம்பி. இருபது வருடமாக இருவரும் சேர்ந்துதான் பெயர்ப்பலகை எழுதுகிறார்கள். இடது கைக்காரன் என்பதால் எல்லாருக்கும் அவன் நொட்டாங்கை.

முகம் அச்சு அசல். மீசையில் ஒட்டிய பெயின்ட் பொட்டைக்கூட விடவில்லை. படத்தின் இடது ஓரத்தில், பிரஷ் பிடித்த வலது கை மட்டும் கலங்கிக் கிடந்தது. ஒரு விரல் மூன்றாகத் தெரிந்தது.

பெயின்டர் குனிந்து தன் வலது கையைப் பார்த்தார். இரண்டு மாதமாக அந்தக் கை நடுங்குகிறது. பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லவில்லை. நாளைக்குப் பஸ் நிலையத்துப் பெரிய பலகை. நடுங்குகிற கையோடு சாரத்தில் ஏற எவன் விடுவான்? பயல் கண்டுபிடித்துவிட்டான். வாயால் சொல்லக் கூச்சப்பட்டுப் படமாகப் போட்டிருக்கிறான்.

நொட்டாங்கை டீயோடு வந்தான்.

"என்ன மாமா, ஆளு அழகா இருக்காரா?"

"சுத்தி வளைக்காதடா. கை நடுங்குது, இனி நீங்க வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போ."

"அதை எங்க சொன்னேன்?"

"படத்துல போட்டிருக்கியே!"

அவன் டீயை வைத்துவிட்டு இடது கையைத் திருப்பிக் காட்டினான். சுண்டுவிரல் ஓரம் முழுக்கப் பென்சில் கரி மினுங்கியது. பலகை எழுதும்போது குச்சியொன்றைச் சார்த்தி அதன்மேல் கையை ஊன்றுவான். ஈரப் பெயின்ட்டில் கை படாது. காகிதம்தானே என்று குச்சியை விட்டுவிட்டான். இடப்பக்கம் முதலில் வரைந்த விரல்களை, வலப்பக்கம் முகத்துக்குப் போகப்போக அவன் கையே தேய்த்துவிட்டிருந்தது.

பெயின்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நீங்களே உளறிட்டீங்க. ஆனா எனக்குத் தெரியாதா மாமா? ரெண்டு மாசமா பொடி எழுத்தெல்லாம் நான் ஏன் இழுத்துப் போட்டுக்கிட்டேன்? நீங்களாச் சொல்வீங்கன்னு பாத்தா, கல்லுளிமங்கனாட்டம் இருந்தீங்க."

"அப்போ நாளைக்கு?"

"அளவு யாரு போடுவா? போன தடவ நான் போட்டு, கடைசி எழுத்துக்கு இடமே இல்லாமப் போச்சே! நீங்க கீழ நின்னு சொல்லுங்க, நான் மேல எழுதுறேன். சாயங்காலம் அக்காவக் கூட்டிக்கிட்டு டாக்டரப் பாருங்க."

நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிப் போட்டதுபோல் இருந்தது. பெயின்டர் டீயை எடுத்தார். கை ஆடிக் கொஞ்சம் சிந்தியது. இன்று அதை மறைக்கவில்லை.

"படத்துல கைய விடு மாப்ள, அப்படியே இருக்கட்டும். மீசையில இருக்கற பெயின்ட்ட மட்டும் அழி. உங்க அக்கா பாத்தா என்னை உரிச்சிடுவா."