எருமை கழுவும் கடை

சைகோனில் பழைய மின்சாதனம் விற்கும் ஞாத் தாவ் சந்தையில் நான் எருமை கழுவுகிறவன். இரண்டு மூன்று வருடம் இரவு பகலாகக் கிரிப்டோ காசு தோண்டும் கணினிகளில் உழுது நொந்துபோன கிராபிக்ஸ் கார்டைத்தான் சைகோனில் எருமை என்கிறோம். மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பிரித்தால் பிசுபிசுவென்று எண்ணெய், கரப்பான் முட்டை. ஒருமுறை விசிறிக்குள் காய்ந்துபோன பல்லி. பாத்திரம் கழுவும் சோப்பில் தேய்ப்பேன். துருவுக்குக் கறுப்புச் சாயம், புது விசிறி, புது ஸ்டிக்கர். சாகக் கிடக்கும் சிப்புக்குச் சூடு காட்டினால் பத்து நாள் பிழைத்திருக்கும். முதலாளி டோவான் தரும் உத்தரவாதம் ஏழு நாள். இந்தக் கணக்கைக் கண்டுபிடித்ததில் அவருக்குப் பெருமை வேறு.

புதுசு வாங்கலாமே என்று கேட்காதீர்கள். புதுக் கார்டு ஒன்றின் விலைக்கு மோட்டார்சைக்கிளே வாங்கிவிடலாம். இரண்டு வருடத்தில் அடுத்ததை இறக்கிவிட்டு, இதைக் குப்பை என்பார்கள். செய்கிறவன் அடிப்பதும் கொள்ளை, விற்கிறவன் அடிப்பதும் கொள்ளை.

தேட் புத்தாண்டுப் பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது தாம் என்று ஒரு அக்கா கடைக்கு வந்தாள். தென்னந்தோப்பில் தன் பங்கை விற்ற பணத்தில் தன் ஊரில் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடை திறக்கப் போகிறாளாம். பன்னிரண்டு கார்டு வேண்டும், மூன்று வருடமாவது உழைக்க வேண்டும், இல்லாவிட்டால் தெருவில்தான் நிற்க வேண்டும் என்றாள். விவரமானவள். திருகாணித் தலைகளில் கீறல் இருக்கிறதா என்று பார்த்தாள். ஒவ்வொரு கார்டையும் முகர்ந்தாள். அரைமணி நேரம் ஓட்டிக் காட்டச் சொன்னாள். பாதிக் கார்டு அரைமணி தாங்காது. டோவானுக்கு வியர்த்துவிட்டது. மின்சாரம் சரியில்லை என்று நான் ஊர் இழுவையில் ஏதோ உளறினேன்.

"தம்பி, நீ பென் த்ரேயா?"

ஆமாம், மோ காய் பக்கம் என்றேன். அவளும் அதே மாகாணம்தானாம், முகம் மலர்ந்தது. எங்கள் ஊர்க்காரர்களைப் பிடித்த வியாதி இது. சைகோனில் ஊர்ப்பேச்சு காதில் விழுந்துவிட்டால் மூளையைக் கழற்றி வைத்துவிடுவார்கள். ஓட்டிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"நீ சொன்னாப் போதும். மூணு வருஷம் வருமா?"

"வரும்க்கா. கண்ணை மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்க."

ஊர் இழுவையை இன்னும் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அன்று டோவான் பீர் வாங்கித் தந்தார். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் குடித்தேன்.

பன்னிரண்டாம் நாள் அக்கா திரும்பி வந்தாள். ஒன்பது கார்டில் திரை கோடுகோடாக இழுக்கிறதாம். கழுவியது, சாயம் பூசியது, சூடு காட்டியது எல்லாவற்றையும் ஊர் மெக்கானிக் பிரித்துப் பார்த்துச் சொல்லிவிட்டானாம். ஏசுவாள், அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கார்டுகள் இருந்த பையை மேசைமேல் வைத்தாள்.

"மறுபடியும் கழுவிச் சூடு காட்டிக் குடு. எத்தனை நாள் ஓடும்?"

"ஒரு வாரம் ஓடும்க்கா."

"போதும். நம்ம ஊர்ல இன்னும் ரெண்டு பேர் கடை போடறாங்க. நான் சொன்னா அவங்க ஓட்டிப் பாக்க மாட்டாங்க."

நான் பையை வாங்கிக்கொண்டேன்.