இரண்டரை மீட்டர்

பியோ சாரின் கை முதலில் போனது முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த கேமராவுக்குத்தான். கதவுக்கு இல்லை. நான் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, முதலுதவிப் பெட்டி கேட்டு, ஓட்டுநர் பக்கத்து ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ரோட்டில் ஒரு பெண் விழுந்து கிடந்தாள். அவர் கேமராவின் ஓரத்தில் நகத்தை விட்டு மெமரி கார்டைப் பிடுங்கினார். அதைச் சைக்கிள் சட்டையின் முதுகுப் பையில் செருகினார். பிறகுதான் இறங்கினார்.

எங்கள் பிரிவுக்கு மேலாளர் அவர். கூட வந்த யுன்ஹா அக்காவுக்கு அதே அலுவலகத்தில் ஒன்பது வருடம். நான் மா நாரே, கடைக்குட்டி, ஒப்பந்தத்தில் இருப்பவள். நவம்பரில் என்னை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்பது பியோ சாரின் ஒரு கையெழுத்து. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா போஹாங் துறைமுகத்தில் மீன் லாரி ஓட்டுகிறார்.

சியோலிலிருந்து பூசான்வரை ஆற்றோரச் சைக்கிள் பாதை. வழிநெடுக சிவப்புக் கூண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு முத்திரை இருக்கும். மிதித்து வந்தவர்கள் அதைத் தங்கள் புத்தகத்தில் குத்திக்கொள்வார்கள். விடுமுறைதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தோம். பியோ சாரின் கேம்பர் வேன் பின்னாலேயே வரும். இரண்டு பேர் மிதிக்க, ஒருவர் வேனை ஓட்ட, முறை மாறி மாறி என்பது ஏற்பாடு. நடந்தது என்னவோ, அவர்கள் மிதித்தார்கள், நான் ஓட்டினேன். அக்காவுக்குக் கியர் வண்டி உரிமம் இல்லையாம்; சார் மிதிக்கத்தான் வந்தாராம். நூடுல்ஸ் வேகவைக்கவும் ஏதாவது உரிமம் உண்டா என்று நான் கேட்கவில்லை.

அன்று ஞாயிறு. இஹ்வா கணவாயைத் தாண்டி அடிவாரத்துக் கடையில் சாப்பிட்டோம். பியோ சார் மக்கொல்லி கேட்டார். பித்தளைக் கிண்ணத்தில் வெள்ளை வெளேரென்று அரிசிக் கள். மூன்று கிண்ணம் குடித்தார். நான் எண்ணினேன். குடித்த பிறகு அவருக்கு முட்டி வலித்தது. அவருக்கு வலித்ததும் அக்காவுக்கும் வலித்தது. இரண்டு சைக்கிளையும் வேனின் கூரையில் ஏற்றிக் கட்டினார்கள்.

"ஏய், மூணு நாளா ஸ்டியரிங்கையே கட்டிப்பிடிச்சிட்டு இருக்க. மீதிய நீ மிதி. உன் புத்தகத்துலயும் ஒரு முத்திரை விழட்டும். சாவியக் குடு."

"சார், குடிச்சிருக்கீங்களே."

"இது குடியா? அரிசிக் கஞ்சிம்மா."

"கஞ்சி குடிச்சா மூக்கு இப்படியா சிவக்கும்?" என்று அக்கா சிரித்தாள்.

நானும் சிரித்தேன். சாவியைக் கொடுத்தேன். மூன்று நாளாக மற்றவர்கள் மிதிப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கால் அரித்தது. வேனுக்குள் சும்மா கிடந்த என் சைக்கிளை இறக்கினேன்.

பழைய ரயில் பாலத்தின் அடியில் சாலை தாழ்ந்து போகும் இடம் அது. முன்னால் மஞ்சள், கறுப்புப் பட்டை போட்ட இரும்புக் குழாய் தொங்குகிறது. இரண்டரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. வேன் போகும். அந்த மூன்று நாளும் கூரை காலியாகத்தான் இருந்தது, எங்கும் இடிக்கவில்லை. கூரையில் சைக்கிள் இருப்பதை அவர் மறந்துவிட்டார்.

எனக்கு முன்னால் நூறடி தூரத்தில் ஒரு பெண் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். கேரியரில் ஒரு வெள்ளித்தாள் சுருள். ஆப்பிள் சிவப்பேறுவதற்காக மரத்தடியில் விரிப்பார்களே, அது. வேன் எங்கள் இருவரையும் முந்திக்கொண்டு போனது. மடேரென்று ஒரு சத்தம். கூரைக் கம்பி பிய்ந்து, ஒரு சைக்கிள் பின்பக்கமாகப் பறந்து அவள் மேல் விழுந்தது. சுருள் அவிழ்ந்து சாலை முழுக்க ஓடியது. வெயிலில் கண் கூசியது.

அக்கா ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். அதில் குறை சொல்ல முடியாது. போனை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் அந்தப் பெண்ணின் தலைக்கடியில் என் மேல்சட்டையைக் கழற்றி மடித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"நாரே, பதறாம கேளு. யார் எப்போ ஓட்டணும்னு வெள்ளிக்கிழமை சாட் குரூப்ல போட்ட பட்டியல் ஞாபகம் இருக்கா? ஞாயிறு மதியம் வண்டி உன் பேர்லதான் இருக்கு."

எனக்கு உடனே புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை.

"நீ குடிக்கல. உனக்கு வெறும் விபத்துதான், இன்சூரன்ஸ் பாத்துக்கும். சாருக்கு அப்படியா? அவர் வேலையே போயிடும்" என்றாள்.

பியோ சார் குனிந்து, "நவம்பரப் பத்தி நீ கவலையே பட வேணாம்" என்றார். வாயில் புளித்த வாடை. எங்கள் மூவருக்கும் நடுவில் அந்தப் பெண் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தாள். அவள் காதில் விழுமே என்ற கூச்சம்கூட அவர்களுக்கு இல்லை.

நான் எழுந்துபோய் அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் கத்துவார் என்று நம்பினேன். 'அந்த ஆள்கிட்ட போனக் குடு' என்று உறுமுவார் என்று நம்பினேன். மீன் எடை குறைத்துப் போட்டவனைச் சட்டையைப் பிடித்து உலுக்கியவர் அவர்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பொம்பள பொழச்சுக்குமா?" என்றார்.

"பொழச்சுக்கும்னு நெனைக்கிறேன்."

"அப்போ சரின்னு சொல்லிடு."

"அப்பா!"

"நிரந்தர வேலைம்மா. எனக்கு முதுகு போயிடுச்சு. நீதான் ஓட்டினேன்னு சொல்லிடு. ஒரு வார்த்தைதானே?"

போன் கையிலேயே இருந்தது. அப்பா சொன்னதைவிடக் கேவலம், நானும் யோசித்தேன். ஒரு முழு நிமிடம், காவல் வண்டி வளைவில் திரும்பி வரும்வரை, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொல்லிப் பார்க்க வாயைக்கூடத் திறந்தேன்.

"பொண்ணே" என்றாள் கீழே கிடந்தவள். "என் வலது கை இருக்கா பாரு. எனக்குத் தெரியல. நாளைக்குப் பழம் பறிக்கணும்."

கை இருந்தது. இருக்கக் கூடாத கோணத்தில் இருந்தது.

"இருக்கும்மா" என்றேன்.

காவலர் ஒல்லியான ஆள். "யார் ஓட்டினது?" என்றார்.

"இவதான் சார்" என்று அக்கா என்னைக் கை காட்டினாள். நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டாள். முதல் நாள் ராத்திரி வேனுக்குள் தன் போர்வையில் பாதியை எனக்குக் கொடுத்தவள்.

காவலர் என் தலையைப் பார்த்தார். "வேன் ஓட்ட எதுக்கு ஹெல்மெட்?"

"பயத்துல எடுத்து மாட்டிக்கிட்டா" என்றாள் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்தது.

"நான் ஓட்டல. அவர்தான் ஓட்டினார். மூணு கிண்ணம் மக்கொல்லி குடிச்சிருக்கார். கேமரா கார்டு அவர் முதுகுப் பையில இருக்கு."

"மூணுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"எண்ணினேன்."

"எண்ணிட்டு, வண்டிய எப்படி விட்ட? சாவி யார்கிட்ட இருந்துச்சு?"

இந்தக் கேள்விக்கு என்ன சொல்வதென்று யாரும் எனக்குச் சொல்லித்தந்திருக்கவில்லை. "என்கிட்டதான். நான்தான் குடுத்தேன்."

"குடிச்சவன்னு தெரிஞ்சே சாவி குடுத்தா அதுவும் குத்தம். தெரியுமா?"

தெரியாது. நான்கு வருடம் படித்தவளுக்கு அது தெரியாது. காவலர் பியோ சாரை ஊதச் சொன்னார். எண்ணைப் பார்த்துவிட்டு, முதுகுப் பையிலிருந்த கார்டையும் வாங்கிக்கொண்டார். ஆம்புலன்ஸ் அந்தப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போனதும் எங்கள் இரண்டு பேரையும் வண்டியில் ஏறச் சொன்னார்.

பின்சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். ஒன்றரை வருடமாக என்னை 'ஏய்' என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர், ஜன்னலைப் பார்த்தபடியே, "நாரே அவர்களே, நீங்க நல்லா வருவீங்க" என்றார். அவர் அடித்திருந்தால்கூட எனக்கு அப்படி உடம்பு சில்லிட்டிருக்காது.

போன் அடித்தது. அப்பா.

"என்ன சொன்ன?"

"நடந்ததச் சொன்னேன். என் மேலயும் கேஸ் வரும்."

அந்தப் பக்கம் லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அணைந்தது.

"இதுக்காடி உன்னப் படிக்க வச்சேன்?"

"தெரியலப்பா. வேற எதுக்கு வச்சீங்க?"

அவர் போனை வைக்கவில்லை. காவல் நிலையம் வரும்வரை அதைக் காதிலேயே வைத்திருந்தேன்.